ரோடு வளையவே இல்ல, கோடுதான் நகருது
வாசகர் கேள்வி – பதில்

போன இதழ்ல பழைய டிவி கேம் பத்தின ஒரு கேள்விக்கு பதில் எழுதறப்போ, அந்தக்கால கார் ரேஸ் கேம்ல ரோடு வளையறதும் இல்ல, கார் திரும்பறதும் இல்லன்னு ஒரே ஒரு வரி எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த மெயிலும் கடிதமும் இன்னும் நிக்கல, சில பேரு கோவமாவே எழுதியிருக்கீங்க. எனக்கு மனசுக்கு ரொம்ப நெருக்கமான விஷயம் இது, அதனால இந்தத் தடவை முழுக்க இத பத்தின கேள்விகள் மட்டும்தான்.

சின்ன வயசுல கேசட் சொருகி விளையாடற டிவி கேம்ல எஃப்1 ரேஸ் மணிக்கணக்கா ஆடியிருக்கேன் சார். ரோடு வளைஞ்சு வளைஞ்சு வரும், நான் பட்டனை அழுத்தி கார திருப்புவேன். நீங்க பாட்டுக்கு ரோடு வளையலன்னு எழுதிட்டீங்களே? – ஈரோட்டுல இருந்து ஒரு வாசகர்

நீங்க பாத்தது பொய்யில்லங்க, உங்க கண்ணுக்கு அது வளைஞ்சுதான் தெரிஞ்சுது. ஆனா மெஷினுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு பாப்போம். அந்த எஃப்1 ரேஸ் 1984ல நின்டெண்டோ அவங்களோட ஃபேமிகாம் மெஷினுக்காக போட்ட கேம், நம்ம ஊர்ல பல பேரு விளையாடினது அந்த மெஷினோட காப்பியிலதான். அதுக்குள்ள இருந்த வேலை பாக்கற மெமரி மொத்தமே 2 கேபி. பிராசஸருக்கு கூட்டத் தெரியும், கழிக்கத் தெரியும், ஆனா பெருக்கவோ வகுக்கவோ ஒரு கட்டளை கூட கிடையாது. தூரம்னு வந்தாலே வகுத்தல்தான், ஏன்னா ஒரு பொருள் ரெண்டு மடங்கு தள்ளிப் போனா பாதி உயரமா தெரியும், நாலு மடங்கு தள்ளிப் போனா கால்வாசி. வகுக்கவே தெரியாத மெஷின்ல தூரத்த எப்படிக் காட்டறது, அதான் அங்க இருந்த பிரச்சன.

பழைய டிவி, படத்த மேல இருந்து கீழ ஒரு கோடு ஒரு கோடாத்தான் வரையும். அதத்தான் பிடிச்சுக்கிட்டாங்க. தட்டையான ரோட்டுல நிக்கறீங்க, எதிர்ல பாக்கறீங்கன்னு வச்சுக்கோங்க. திரையில படுக்கைவாட்டுல ஒரு கோடு எடுத்தா, அந்தக் கோட்டுல இருக்கற ரோட்டுப் புள்ளி எல்லாமே உங்ககிட்ட இருந்து ஒரே அளவு ஆழத்துல இருக்கு. அப்போ ஒவ்வொரு புள்ளிக்கும் தூரம் கணக்குப் போட வேண்டாம், ஒரு கோட்டுக்கு ஒரு தடவை போட்டாப் போதும். ஒரு உதாரணம் பாருங்க. வானமும் ரோடும் சேர்ற இடத்துல இருந்து கீழ எண்ணிட்டு வாங்க. முதல் கோடு 1200 மீட்டர் தள்ளி இருக்குன்னா ரெண்டாவது கோடு 600 மீட்டர், மூணாவது 400, பத்தாவது 120, நூறாவது கோடு 12 மீட்டர். அதாவது மேல இருக்கற முதல் ரெண்டு கோட்டுக்கு நடுவுல மட்டும் 600 மீட்டர் ரோடு அடங்கியிருக்கு, கீழ 99க்கும் 100க்கும் நடுவுல வெறும் 12 சென்டிமீட்டர்! கேமரா உயரம் கேம் முழுக்க மாறப் போறதில்ல, அதனால இந்தப் பட்டியலும் மாறாது, முன்னாடியே கணக்குப் போட்டு கேசட்டுலயே எழுதி வச்சுட்டா விளையாடற நேரத்துல ஒரு வகுத்தல் கூட தேவையில்ல.

இனிமே வளைவு. வீட்டுல கட்டம் போட்ட நோட்டு இருந்தா ஒரு பக்கம் எடுங்க. நேர் ரோடுன்னா கீழ அகலமா மேல கூரா ஒரு முக்கோணம், அத ஒவ்வொரு வரிக்கும் ஒரு படுக்கைக் கோடா போட்டுக்கோங்க. இப்போ கீழ இருந்து ரெண்டாவது கோட்டை 1 கட்டம் வலது பக்கம் தள்ளுங்க, அதுக்கு மேல இருக்கறத 3 கட்டம், அப்புறம் 6, 10, 15, 21. ஒவ்வொரு தடவையும் தள்ளற அளவு ஒண்ணு ஒண்ணா கூடிட்டே போகுது, வெறும் கூட்டல்தான், பெருக்கல் கூட இல்ல. நோட்டை கொஞ்சம் தள்ளி வச்சுப் பாருங்க, வலது பக்கம் அழகா வளைஞ்சு போற ரோடு ஒண்ணு தெரியும். நான் முதல் தடவை இத கையால வரைஞ்சு பாத்தப்போ கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பாத்துட்டு உக்காந்திருந்தேன், இன்னிக்கு வரைஞ்சாலும் அதே சந்தோஷம்தான். நீங்க போட்டது அத்தனையும் நேர் கோடு, ஒண்ணு கூட வளையல, ஒவ்வொண்ணும் பக்கவாட்டுல நகந்திருக்கு அவ்வளவுதான்.

கார் ஓடற மாதிரி தெரியறதும் இதே பட்டியல்லதான். ஒவ்வொரு கோட்டோட தூரத்தோடயும், கார் இதுவரைக்கும் வந்த தூரத்த கூட்டிக்கணும், அதுக்கு ஏத்த மாதிரி அந்தக் கோட்டுக்கு வெளிர் நிறமா அடர் நிறமான்னு முடிவு பண்ணணும். ரோட்டோரத்துல சிவப்பு வெள்ளை பட்டை மாறி மாறி உங்களப் பாத்து ஓடி வருதே, அங்க எதுவும் ஓடல, எந்தக் கோட்டுக்கு எந்த நிறம்ங்கறது மட்டும்தான் மாறிட்டே இருக்கு. கார் திரும்பறது? வளைவு வந்தா மெஷின் உங்க கார வளைவுக்கு வெளிப்பக்கமா தள்ளும், நீங்க பட்டனை அழுத்தி உள்ள இழுப்பீங்க. தூரத்து மலையும் வானமும் எதிர்ப்பக்கமா மெதுவா நகரும். இந்த மூணும் சேந்தா நம்ம மூளை "திரும்பறோம்"னு முடிவு பண்ணிக்கும், ரயில்ல போறப்போ நிலா கூடவே வருதுன்னு சொல்ற அதே மூளைதானே.

அது சரி, ரோடு கோடு கோடா போடலாம். முன்னாடி போற காரும் ஓரத்து மரமும் கிட்ட வர வர பெருசாகுதே, அதுவும் கோடுதானா? – வேலூர் வாசகி

இல்லங்க, அது ஸ்பிரைட்டு. ஸ்பிரைட்டுன்னா அட்டையில வெட்டி ஒட்டின மாதிரி ஒரு தனிப்படம், பின்னாடி இருக்கற காட்சிய கெடுக்காம அதுக்கு மேல நகத்தலாம். ஃபேமிகாம் மாதிரி வீட்டு மெஷினால ஒரு ஸ்பிரைட்ட பெருசாக்கவோ சின்னதாக்கவோ முடியாது, அதனால ஆர்ட்டிஸ்டே ஒரு மரத்த அஞ்சாறு சைஸ்ல தனித்தனியா வரைஞ்சு குடுத்துடுவாரு, தூரத்துக்கு ஏத்த சைஸ எடுத்துப் போடுவாங்க. அதான் நீங்க கவனிச்சுப் பாத்தா மரம் மெல்ல வளராது, டக் டக்குனு சைஸ் தாவும். எதிர்ல நாலஞ்சு கார் ஒரே உயரத்துல வந்தா படம் மினுக்குமே, அதுக்குக் காரணம் ஃபேமிகாம் ஒரு கோட்டுல 8 ஸ்பிரைட்டுக்கு மேல காட்டாது, ஒரு காரே பல குட்டி ஸ்பிரைட்ட சேத்து வச்சதுதான்.

இதுக்கு ரொம்ப முன்னாடியே, 1976ல அட்டாரி நைட் டிரைவர்னு ஒரு ஆர்கேட் கேம் (கடையில காசு போட்டு ஆடற பெரிய மெஷின்) போட்டாங்க. கருப்புத் திரை, ரெண்டு பக்கமும் வெள்ளைக் கட்டைகள், அவ்வளவுதான். கட்டை கிட்ட வர வர பெருசாகி ஓரத்துக்கு விலகிப் போகும், ராத்திரி ரோட்டுல ரிஃப்ளெக்டர் மட்டும் தெரியற மாதிரி. உங்க கார் திரையிலயே கிடையாது, கண்ணாடிக்கு மேல ஒட்டின ஒரு பிளாஸ்டிக் படம் அது. ராத்திரின்னு ஒரு பேர வச்சதுலயே வரைய வேண்டிய முக்கால்வாசி வேலைய இல்லாம பண்ணிட்டாங்க பாருங்க. இத யோசிச்சவங்க மேல எனக்கு ரொம்ப மரியாதை. அப்புறம் 1982ல நாம்கோவோட போல் பொசிஷன் வந்துச்சு, பின்னாடி இருந்து கார பாத்துக்கிட்டே ஓட்டற கேம்னா இப்படித்தான் இருக்கணும்னு ஒரு அச்சு மாதிரி ஆயிடுச்சு அது.

ஸ்பிரைட்ட நினைச்ச சைஸுக்கு மாத்தறதுக்குன்னே ஹார்டுவேர் கட்டினது சேகா. யூ சுஸுகிங்கறவரு தலைமையில 1985ல ஹேங்-ஆன், ஸ்பேஸ் ஹாரியர், 1986ல அவுட் ரன், 1987ல ஆஃப்டர் பர்னர்னு வரிசையா வந்துச்சு. ஹேங்-ஆன்ல நிஜ பைக் மாதிரி ஒரு வண்டி மேல ஏறி உக்காந்து உடம்ப சாய்ச்சு ஓட்டணும். சுஸுகி பின்னாடி ஒரு பேட்டியில, தன்னோட கேம் எல்லாமே ஆரம்பத்துல இருந்து உள்ளுக்குள்ள 3டி கணக்குதான், எல்லாத்தோட இடத்தையும் 3டியில கணக்குப் போட்டுட்டு கடைசியில தட்டைப் படமா மாத்தினோம்னு சொல்லியிருக்காரு. இத படிச்சதுக்கு அப்புறம் "போலி 3டி"ங்கற வார்த்தைய நான் விட்டுட்டேன். அவுட் ரன் ரோட்டோரத்துப் பனைமரம் தட்டையா இருக்கலாம், அது நிக்கற இடம் போலி இல்ல.

இன்ஜினியரிங் டிராயிங்ல ஐசோமெட்ரிக் வியூ வரைஞ்சு வரைஞ்சு கை வலிக்குது. அதே மாதிரி சாய்வா தெரியற பழைய கேம்களும் இந்த வகைதானா? – கோவை கல்லூரி மாணவி

கிட்டத்தட்ட அதே குடும்பம்மா. அதுல தூரமாப் போனா சின்னதாத் தெரியணும்ங்கற விதியவே தூக்கிட்டாங்க, பக்கத்துல இருக்கற பெட்டியும் தள்ளி இருக்கற பெட்டியும் ஒரே சைஸ். வகுத்தலே வேண்டாம், ஒரு பெட்டிய ஒரு தடவை வரைஞ்சா திரை முழுக்க அதையே போடலாம். உங்க டிராயிங்ல 30 டிகிரி கோடு போடுவீங்க, கேம்ல 2 பிக்சல் பக்கவாட்டுல போனா 1 பிக்சல் மேல ஏறும், அது கிட்டத்தட்ட 26.6 டிகிரி வரும். 30 டிகிரி கோடு பிக்சல்ல ஒழுங்கில்லாம பல்லு பல்லா தெரியும், இது சீரான படிக்கட்டா வரும். அதுக்குத்தான் அந்த மாத்தம்.

ஆனா இதுல ஒரு சிக்கல் இருக்கு. 1982ல சேகா போட்ட சாக்ஸான்ல ஒரு விமானம் சாய்வா பறந்து போகும், விமானம் மேல ஏறினாலும் பக்கவாட்டுல நகந்தாலும் திரையில எந்த இடத்துல எவ்வளவு உயரத்துல இருக்குன்னு கண்ணால மட்டும் பிரிச்சு சொல்லவே முடியாது. அதுக்கு அவங்க பண்ணின தீர்வு ஒரு நிழல். விமானத்துக்கு நேர் கீழ தரையில ஒரு கருப்பு நிழல், கூடவே திரை ஓரத்துல உயரம் காட்டற ஒரு அளவுகோல். நிழலுக்கும் விமானத்துக்கும் நடுவுல இருக்கற இடைவெளியப் பாத்தாலே உயரம் புரிஞ்சிடும். இன்னிக்கு வர்ற குதிச்சு ஓடற 3டி கேம்கள்லயும் ஹீரோ காலுக்குக் கீழ ஒரு வட்ட நிழல் இருக்கும் பாருங்க, நீங்க எங்க இறங்கப் போறீங்கன்னு காட்டறதுக்கு.

சூப்பர் மாரியோ கார்ட்ல தரை அப்படியே சுத்துதே, அதுவும் நீங்க சொன்ன மாதிரி கோட்ட நகத்தறதா? – மலேசியா, ஈப்போ வாசகர்

கோட்ட நகத்தறதுல இருந்து ஒரு படி மேல. 1990 நவம்பர்ல ஜப்பான்ல சூப்பர் ஃபேமிகாம் வந்தப்போ அதுல மோட் 7னு ஒரு வசதி குடுத்தாங்க. 1024க்கு 1024 பிக்சல்ல ஒரே ஒரு பெரிய படம், அத சுத்தலாம், பெருசாக்கலாம், சின்னதாக்கலாம். ஆனா அது மட்டும் இருந்தா ஒரு காகிதத்த மேஜை மேல வச்சு சுத்தற மாதிரித்தான் இருக்கும், தரை மாதிரி படுத்துத் தெரியாது. இங்கயும் அதே பழைய ரகசியம்தான் கை குடுத்துச்சு. ஒரு கோடு வரைஞ்சு முடிச்சு அடுத்த கோடு ஆரம்பிக்கறதுக்கு நடுவுல கண் இமைக்கறத விட பல மடங்கு சின்ன ஒரு இடைவெளி இருக்கு, அந்த இடைவெளியில "இந்தக் கோட்டுக்கு இவ்வளவு பெருசாக்கு"ன்னு புது எண்ணக் குடுத்துடுவாங்க. மேல இருக்கற கோட்டுக்கு படம் சின்னதா, கீழ வர வர பெருசா. காகிதம் அப்படியே படுத்து தரையாயிடும்.

மெஷினோட சேந்து அதே நாள் வந்த எஃப்-ஸீரோ இப்படித்தான் ஓடுச்சு. 1992ல மாரியோ கார்ட். அந்தத் தரையில ஒரு மேடு பள்ளம் கூட இருக்காது, ஏன்னா அது காகிதம். பச்சைக் குழாயும் வண்டிகளும் ஸ்பிரைட்டுதான், ஒவ்வொரு வண்டியும் ஒவ்வொரு கோணத்துல தனித்தனியா வரைஞ்ச படம். குதிச்சா? வண்டிப் படத்த மட்டும் மேல தூக்கிட்டு கீழ நிழல விட்டுட்டுப் போவாங்க.

அண்ணா, நான் பிஎஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் ரெண்டாவது வருஷம். வுல்ஃபென்ஸ்டைன் மாதிரி ஒரு ரேகாஸ்டர் நானே எழுதினேன். ஓடுது, ஆனா நேரா இருக்க வேண்டிய சுவர் நடுவுல உப்பி பானை மாதிரி தெரியுது. ரெண்டு வாரமா மண்டைய உடைச்சுக்கறேன். – மதுரை

தம்பி, ரேகாஸ்டர் (கதிர் விட்டுப் பாத்து சுவர வரையற புரோகிராம்) எழுதின கிட்டத்தட்ட எல்லாரும் இந்தப் பானைய பாத்திருப்பாங்க, நானும் பாத்திருக்கேன். மத்த வாசகர்களுக்கும் புரியட்டும்னு முதல்ல கேம் என்ன பண்ணுதுன்னு சொல்லிடறேன்.

வுல்ஃபென்ஸ்டைன் 3டி 1992 மே மாசம் வந்துச்சு, ஐடி சாஃப்ட்வேர் உருவாக்கினது, எஞ்சின் (காட்சிய வரையற அடிப்படை புரோகிராம்) எழுதினது ஜான் கார்மக். மேப் 64க்கு 64 கட்டம், கட்டம் போட்ட நோட்டு மாதிரி. ஒரு கட்டம் ஒண்ணு சுவர், இல்லன்னா காலி. எல்லா சுவரும் ஒரே உயரம், எல்லாமே செங்குத்து. ரோட்டுல படுக்கைக் கோடு முழுக்க ஒரே தூரம்னு சொன்னேன்ல, செங்குத்தான சுவருக்கு அது அப்படியே திரும்பிடும், திரையில நெட்டுக்குத்தா ஒரு கோடு எடுத்தா அதுல தெரியற சுவர்ப் புள்ளி எல்லாம் ஒரே தூரம். அப்போ திரையில இருக்கற ஒவ்வொரு நெட்டுக்கோட்டுக்கும் ஒரு கதிர் அனுப்பு, அது கட்டம் கட்டமா போய் முதல்ல எந்த சுவர்ல முட்டுதுன்னு பாரு, அந்த தூரத்துக்கு ஏத்த உயரத்துல சுவரோட ஒரு கீத்த வரை. 2 கட்டம் தள்ளி இருந்தா 100 பிக்சல் உயரம், 4 கட்டம்னா 50, 8 கட்டம்னா 25. அந்தக் காலத்து விஜிஏ திரை 320க்கு 200, மொத்தம் 64,000 புள்ளி. புள்ளிக்கு ஒரு வகுத்தல் போட்டா 286ங்கற அந்தக்காலத்து கம்ப்யூட்டர் படுத்துடும், ஆனா கோட்டுக்கு ஒண்ணுன்னா 320 தாண்டாது. தரையும் கூரையும் வெறும் ஒரே நிறம், அதுக்கு கணக்கே கிடையாது.

இப்போ உங்க பானை. நீங்க சுவர நேருக்கு நேரா பாத்து 4 கட்டம் தள்ளி நிக்கறீங்க. நடுக்கதிர் 4 கட்டம் போய் முட்டும். பார்வை மொத்தம் 60 டிகிரின்னா ஓரத்துக் கதிர் 30 டிகிரி சாய்வா போகும், அதே சுவர்ல முட்ட 4ஐ 0.866ஆல (30 டிகிரியோட கொசைன்) வகுத்தா வர்ற 4.62 கட்டம் போகணும். நீங்க அந்த 4.62அ அப்படியே தூரம்னு எடுத்துக்கறீங்க, அதனால ஓரத்துல சுவர் குட்டையாகுது, நடுவுல உயரமா நிக்குது, பானை வந்துடுது. உங்களுக்கு வேண்டியது கதிர் போன நீளம் இல்ல தம்பி, நீங்க பாக்கற திசையில அந்த சுவர் எவ்வளவு ஆழத்துல இருக்குங்கறது. கதிரோட நீளத்த, நடுக்கதிர்ல இருந்து அது எவ்வளவு சாஞ்சிருக்கோ அந்தக் கோணத்தோட கொசைனால (cos) பெருக்குங்க. 4.62 பெருக்கல் 0.866, திரும்ப 4. எல்லாக் கோடும் 4 ஆயிடுச்சு, சுவர் நேராயிடும்.

அதுக்கப்புறமும் ஓரத்துல லேசா நசுங்கின மாதிரி இருந்தா, நீங்க 60 டிகிரிய 320 சம கோணமா பங்கு போட்டிருப்பீங்க. கோணத்த பங்கு போடாதீங்க, திரைய பங்கு போடுங்க. முன்னாடி ஒரு கண்ணாடித் தட்டு இருக்கறதா நினைச்சுக்கிட்டு அதுல சம இடைவெளியில புள்ளி வச்சு ஒவ்வொரு புள்ளி வழியாவும் கதிர் விடுங்க.

இன்னொண்ணு, வுல்ஃபென்ஸ்டைன்ல ஒவ்வொரு சுவர்ப் படமும் ரெண்டு உண்டு, ஒண்ணு வெளிச்சமா, ஒண்ணு கொஞ்சம் இருட்டா. வடக்கு தெற்கு பாத்த சுவருக்கு ஒண்ணு, கிழக்கு மேற்குக்கு இன்னொண்ணு. இத உங்க புரோகிராம்ல போட்டுப் பாருங்க, ஒரு வரிதான் கூடும், மூலை எல்லாம் சட்டுனு மூலையா தெரிய ஆரம்பிச்சுடும். எந்த வெளிச்சக் கணக்கும் இல்லாம வெறும் ரெண்டு நிறத்துல கண்ணுக்கு ஒரு கட்டடம் எழும்பி நிக்கறத நீங்களே பாப்பீங்க. முடிஞ்சதும் எனக்கு அனுப்புங்க, கண்டிப்பா விளையாடிப் பாக்கறேன்.

பிரவுசிங் சென்டர்ல டூம் விளையாடின காலத்துல இருந்து ஒரு சந்தேகம். சுட்டு விழுந்த பேய சுத்தி சுத்தி வந்தாலும் அது ஒரே மாதிரியே கிடக்குது. எப்பவும் என்னைப் பாத்தே கிடக்குற மாதிரி இருக்கும், கொஞ்சம் பயமாக்கூட இருக்கும். – தூத்துக்குடி வாசகர்

சரியா கவனிச்சிருக்கீங்க. டூம் 1993 டிசம்பர் 10 வெளியாச்சு, அதே கம்பெனி. அதுல பேய் எல்லாமே ஸ்பிரைட்டுதான், அட்டைப் படம். உயிரோட இருக்கறப்போ ஒவ்வொரு அசைவையும் 8 திசையில இருந்து பாத்தா எப்படி இருக்கும்னு காட்டறதுக்கு படம் இருக்கும், முன்னாடி, முன்சாய்வு, பக்கம், பின்சாய்வு, பின்னாடின்னு. நீங்க சுத்தி வந்தா 45 டிகிரிக்கு ஒரு தடவை படம் மாறும். இதுலயும் மிச்சம் பண்ணியிருக்காங்க, நிறைய பேய்களுக்கு 5 திசை மட்டும்தான் படம், மீதி 3 கண்ணாடியில பாக்கற மாதிரி இட வலம் திருப்பிப் போட்டது. அதனாலதான் துப்பாக்கி வச்சிருக்கற சிப்பாய் அந்தப் பக்கம் திரும்பினா துப்பாக்கி கை மாறிடும், அடுத்த தடவை பாருங்க.

செத்து விழுந்த படத்துக்கு 8 திசை கிடையாது, ஒண்ணே ஒண்ணுதான். அந்த ஒரு படம் எந்தப் பக்கம் இருந்து பாத்தாலும் உங்க முகத்துக்கு நேரா திரும்பிக்கும், அதான் அது உங்களையே பாக்கற மாதிரி இருக்கு. மெமரி மிச்சம், யாரு பிணத்த சுத்தி வந்து பாக்கப் போறாங்கன்னு நினைச்சிருப்பாங்க, நீங்க பாத்திருக்கீங்க.

அந்தப் படங்கள் எப்படி வந்துச்சுங்கறது எனக்கு இன்னும் பிடிச்ச கதை. எல்லாத்தையும் கையால 8 திசையில வரையறது பெரிய பாடு, அதனால ஆர்ட்டிஸ்ட் அட்ரியன் கார்மக் சில பேய்களுக்கு களிமண்ல பொம்மை செஞ்சாரு (ஜான் கார்மக்குக்கும் இவருக்கும் சொந்தம் இல்ல, பேரு மட்டும்தான் ஒண்ணு), கிரெகர் பன்சாட்ஸ்ங்கற மாடல் கலைஞர் செஞ்ச பொம்மைகளும் சேந்துச்சு. பொம்மைய திருப்பித் திருப்பி வச்சு வீடியோ கேமராவுல பிடிச்சு கம்ப்யூட்டர்ல ஏத்தி, அதுக்கு மேல ஒவ்வொரு பிக்சலா சரி பண்ணாங்க. நீங்க கையில பிடிச்சிருக்கற துப்பாக்கிகள் சிலது பொம்மைத் துப்பாக்கிய படம் பிடிச்சது. ஒரு நிஜப் பொருள தட்டைப் படமாக்கி, அந்தத் தட்டைப் படத்த வச்சு திரும்ப ஆழம் இருக்கற மாதிரி காட்டியிருக்காங்க.

டூம்ல ஏன் தலைய மேல தூக்கிப் பாக்க முடியாது? – அதே வாசகர்

தலைய சாய்ச்சா சுவர் செங்குத்தா தெரியாது, அவ்வளவுதான் காரணம். சுவர் நெட்டுக்கோட்டுல ஒரே தூரம், தரை படுக்கைக் கோட்டுல ஒரே தூரம்ங்கற ரெண்டு உண்மை மேலதான் டூம் நிக்குது. தலை நேரா இருக்கற வரைக்கும்தான் அது உண்மை. அதே எஞ்சின்ல 1994ல வந்த ஹெரெடிக்ல மேல கீழ பாக்கலாம், ஆனா நிஜமா சாயல, படம் மொத்தத்தையும் மேலயும் கீழயும் வழுக்கி விட்டிருப்பாங்க, கட்டடம் எல்லாம் கொஞ்சம் இழுத்த மாதிரி தெரியும். டூம்ல ஒரு அறைக்கு மேல இன்னொரு அறையும் கிடையாது, மேப் ஒரு தட்டை வரைபடம், தரை உயரமும் கூரை உயரமும் எண்ணா மட்டும் எழுதியிருக்கும்.

முதல் பிளேஸ்டேஷன்ல ஓடறப்போ தரையில இருக்கற டைல்ஸ் கோடு எல்லாம் நெளியுமே, என் டிவிதான் ரிப்பேர்னு அப்பாகிட்ட அடம் பிடிச்சிருக்கேன். – திருச்சி வாசகி

டிவி நல்லாத்தான் இருந்திருக்கும் மேடம். 1994 டிசம்பர்ல ஜப்பான்ல பிளேஸ்டேஷன் வந்தப்போ அது நிஜமான முக்கோணங்கள வரைஞ்சுச்சு, எந்தப் பக்கம் வேணும்னாலும் சாயலாம் திரும்பலாம். அங்கதான் வில்லங்கம். எல்லாமே சாய்வா இருக்கலாம்னு ஆனதும், ஒரே தூரத்துல இருக்கற கோடு படுக்கையாவும் இல்ல நெட்டையாவும் இல்ல, எங்கேயோ குறுக்கால ஓடும். அப்போ சரியா வரையணும்னா ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு வகுத்தல் வேணும். பிளேஸ்டேஷன் அத செய்யாது, முக்கோணத்தோட மூணு முனைய மட்டும் சரியா வச்சுட்டு உள்ள இருக்கற படத்த சமமா பரப்பிடும். பெரிய டைல்ஸ் கிட்ட வந்தா தூரமும் பக்கமும் ஒரே அளவா பரவறதால கோடு நெளியும். கேம் போட்டவங்க இத மறைக்க கிட்ட இருக்கற தரைய குட்டி குட்டி முக்கோணமா வெட்டுவாங்க, நெளிவு குறையும், முழுசா போகாது.

1996ல ஐடி சாஃப்ட்வேரோட குவேக் பிசியில வந்துச்சு, அதுவும் முழு 3டிதான், ஆனா நெளியாது. ஜான் கார்மக்கும் அங்க கூட வேலை பாத்த புரோகிராமர் மைக்கேல் ஆப்ரஷும் சேந்து ஒரு நடுவழி பிடிச்சாங்க, 16 பிக்சலுக்கு ஒரு தடவை மட்டும் சரியா வகுத்துட்டு நடுவுல இருக்கறத சமமா பரப்பறது. 16 பிக்சல்ங்கறது ரொம்ப சின்ன தூரம், தப்பு கண்ணுல படாது. பென்டியம் சிப்புல ஒரு தசம வகுத்தல் உள்ள ஓடிட்டு இருக்கறப்பவே சிப்போட இன்னொரு பகுதி வேற வேலை பாக்கும், அந்த 16 பிக்சல வரைஞ்சு முடிக்கறதுக்குள்ள அடுத்த வகுத்தலோட விடை ரெடியாயிருக்கும். அந்த வகுத்தலுக்கு ஆகற நேரம் கிட்டத்தட்ட இலவசமாயிடுச்சு. முழு 3டி வந்துச்சுன்னா தந்திரம் எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைக்கறவங்களுக்கு நான் எப்பவும் காட்டறது இந்த 16அத்தான்.

இப்போ வர்ற கேம்ல இந்த அட்டைப் படம் எல்லாம் மொத்தமா ஒழிஞ்சுடுச்சா? – யாழ்ப்பாணத்துல இருந்து ஒரு வாசகர்

இல்லீங்க, உங்க கண்ணு முன்னாடியே நிக்குது. பெரிய காடும் மலையும் இருக்கற கேம் ஏதாவது இருந்தா திறங்க, ஒரு மேட்டு மேல ஏறி நின்னு தூரத்துல இருக்கற ஒரே ஒரு மரத்த மட்டும் பாத்துக்கிட்டே அத நோக்கி மெதுவா நடங்க, வேற எதையும் பாக்காதீங்க. நிறைய கேம்ல ஒரு இடத்துல அந்த மரம் லேசா துடிச்சு உருவம் மாறும். அதுவரைக்கும் நீங்க பாத்தது உங்கள நோக்கி திரும்பி நின்ன ஒரு தட்டைப் படம், அதுக்கு அப்புறம்தான் இலையும் கிளையும் உள்ள மரம். பின்னாடி ரெண்டு அடி வச்சுப் பாருங்க, திரும்ப அட்டையாயிடும்.